எருமைக்கல் மலையின் எடை

முத்தீவு என்ற நாடு உலகத்தில் எங்குமே கிடையாது. ஆனால் அங்கே நேரம் சரியாக ஓடவில்லை என்று கவலைப்பட, திருச்சியில் மட்டும் இரண்டு சங்கங்கள் இருந்தன.

இரண்டில் பெரியது முத்தீவுக் கால ஆய்வு மன்றம். தில்லை நகரில் ஒரு பேக்கரிக்கு மேலே உள்ள டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில் ஞாயிறுதோறும் கூடுவார்கள். சுவர் முழுக்க ஒருவழிப் பாதை, ஹாரன் அடிக்காதே, வளைவு முன்னே உள்ளது போன்ற படங்கள். அவற்றின் கீழே நின்றுகொண்டு, பேரன் பேத்தி எடுத்தவர்கள் கூட, இல்லாத ஒரு தீவில் காலம் ஏன் நீள்கிறது என்று தொண்டை வற்றப் பேசுவார்கள். இதைக் கேள்விப்பட்டதும் எங்கள் வாரப் பத்திரிகை ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இதற்கு உன்னை விட்டால் ஆள் இல்லை என்றார். இருபத்தெட்டு வருடமாக, ஊரில் யார் மார்பை நிமிர்த்தி நடந்தாலும் அதில் ஒரு குண்டூசியைக் குத்திப் பார்ப்பதுதான் எனக்கு உத்தியோகம். சந்தோஷமாகக் கிளம்பினேன்.

தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. முத்தீவு முதலில் ஒரே ஒருவர் எழுதிய கதை. பிறகு அதே தீவுகளை வைத்து இன்னொருவர் எழுதினார், அவரைப் பார்த்து இன்னும் முப்பது பேர் எழுதினார்கள். ராஜாக்கள், போர்கள், பறக்கும் எருமைகள். கடைசியில் பெங்களூரில் ஒரு நிறுவனம் அதை உள்ளே நுழையக்கூடிய உலகமாகவே கட்டிவிட்டது. தலையில் ஒரு தொப்பியை மாட்டிக் கண்ணை மூடினால், தூக்கமும் இல்லாத விழிப்பும் இல்லாத ஒரு நிலையில் நீங்களே அங்கே நடமாடலாம். எதிரே வருகிறவர்களும் உங்களைப் போலத் தொப்பி மாட்டியவர்கள்தான்.

முதல் இரண்டு தீவுகளில் ஒரு மணி நேரம் என்பது ஒரு மணி நேரம்தான். மூன்றாவதான மந்தாரத் தீவில்தான் வில்லங்கம். அங்கே ஒரு மணி நேரம் உலாவிவிட்டுத் தொப்பியைக் கழற்றினால், இங்கே ஐந்து மணி நேரமோ ஆறு மணி நேரமோ ஓடியிருக்கும். உள்ளே இருக்கும்போது எதுவும் தெரியாது. தொப்பியில் உள்ள அலாரமும் தீவின் கடிகாரத்தைத்தான் நம்பும். அடுப்பில் பால் வைத்துவிட்டுப் போனவர்கள், ரயிலை விட்டவர்கள், வேலையை விட்டவர்கள் என்று நிறுவனத்துக்குப் புகார்கள் குவிந்திருந்தன. ஒருவர் மாமனார் காரியத்துக்கே போக முடியவில்லை. அவர் மட்டும் புகார் கொடுக்கவில்லை.

மன்றத்தின் தலைவர் முனைவர் காலச்செம்மல் குஞ்சிதபாதம். பத்திரப் பதிவு அலுவலகத்தில் சூப்பிரண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். முனைவர் பட்டம் தந்த பல்கலைக்கழகத்தின் முகவரியைத் தேடிப்போனால் ஒரு கூரியர் கடை வரும். காலச்செம்மல் பட்டத்தை, அவர் தலைமையில் அமைந்த குழு அவர் இல்லாத ஒரு கூட்டத்தில் வழங்கியிருந்தது. அவருடைய கொள்கை இது: மந்தாரத் தீவின் நடுவில் உள்ள எருமைக்கல் மலை அளவுக்கு மீறிய எடை கொண்டது, எடை மிகுந்த பொருளின் அருகே காலம் மெதுவாகும் என்பது விஞ்ஞானம், ஆகவே மலைதான் காரணம். மலையின் எடையையும் கணக்கிட்டிருந்தார். பின்னால் பத்தொன்பது பூஜ்யம். இதை மறுத்து, காரணம் மலை அல்ல, ஒரு ராணியின் சாபம் என்று சொன்னவர்கள் பிரிந்துபோய் உறையூரில் வேறு சங்கம் வைத்திருந்தார்கள். எப்போதாவது சில நாட்கள் தீவில் நேரம் ஒழுங்காக ஓடும். அதற்கு இரு தரப்பும் ஒருமனதாகக் கிரகண நாட்கள் என்று பெயர் வைத்திருந்தன.

நான் சிரிப்பை அடக்கக் கடைசி பெஞ்சுக்குப் போனேன். அங்கே காட்டன் புடவையில் ஒரு பெண்மணி, மடியில் சுருட்டிய பெரிய தாளோடு உட்கார்ந்திருந்தார். பெயர் அமலோற்பவம். ரயில்வேயில் முப்பத்தோரு வருடம் செக்‌ஷன் கன்ட்ரோலர், அதாவது எந்த வண்டி எந்த நிமிடம் எங்கே நிற்கிறது என்று தாளில் கோடு போட்டுப் போக்குவரத்தை நடத்துகிறவர். மலையா சாபமா என்று கேட்டேன். இன்னும் சார்ட் முடியவில்லை, முடியாமல் சொல்ல மாட்டேன் என்றார். அந்த அறையிலேயே தெரியாது என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான். கட்டுரைக்குப் பயன்பட மாட்டார் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குத் தொப்பியை மாட்டிக்கொண்டு நானே போனேன். பன்னிரண்டரைக்கு மச்சினன் மகளுக்கு நிச்சயதார்த்தம். ஒரு மணி நேரம் போதும் என்று நினைத்தேன். கேலி செய்யப் போகிறவன் புகாரையும் நம்புவதில்லை.

மந்தாரத் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். ஓட்டியவன் சேந்தன் என்ற இளைஞன். துடுப்பைவிட வாய் வேகமாக ஓடியது. இங்கே நேரம் மெதுவாகப் போகிறதாமே என்று ஆரம்பித்தேன்.

"அப்ப உங்களுக்கு வயசாவுறதும் மெதுவாத்தான ஆவும்? அதுக்கு ஏண்ணே மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க?"

என்ன தொழில் என்று கேட்டான். எல்லோரையும் கிண்டல் செய்து எழுதுவது என்றேன்.

"வீட்லயுமா?"

வீட்டில் இல்லை என்று ஒப்புக்கொண்டேன்.

"அப்ப ஆள் பாத்து செய்யிற தொழிலு."

படகில் இருந்த ஏழு பேரும் சிரித்தார்கள். மேடையிலும் அச்சிலும் எத்தனையோ பேரோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். தோற்றது அன்றுதான். விடக்கூடாது என்று திரும்பவும் இரண்டு தடவை அவன் படகிலேயே ஏறினேன். இரண்டு தடவையும் தோற்றேன். நிச்சயதார்த்தத்துக்குப் போக வேண்டும் என்று நான் சொன்னபோது, சீக்கிரம் போங்க, சாப்பாட்டையாவது பிடிங்க என்றான். தொப்பியைக் கழற்றினால் மாலை நாலரை. என் மனைவி பட்டுப்புடவையோடு திரும்பி வந்து எதிரே உட்கார்ந்திருந்தாள். அதற்கு மேல் அன்று நடந்தது எழுதுவதற்கில்லை.

அந்த ஆத்திரத்தில் கட்டுரையின் பாதியை எழுதி, அடுத்த ஞாயிறு இதழில் வரும் என்று மன்றத்திலும் சொல்லிவைத்தேன். மூன்றாம் நாள் அமலோற்பவம் வீட்டுக்கே வந்தார். கூடத்துத் தரையில் தாளை விரித்தார். மேலிருந்து கீழாக மந்தாரத் தீவின் துறை, சந்தை, மலையடிவாரம், கோட்டை. குறுக்கே நேரம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரைத் தனித்தனியாகக் கேட்டு, அவர்கள் எப்போது எங்கே இருந்தார்கள் என்று ஆளுக்கு ஒரு பென்சில் கோடு.

"நடக்குறவங்க கோடு சாய்வா போகும் சார். நின்னுட்டா படுத்துரும். இங்க பாருங்க. எல்லாக் கோடும் எங்க படுக்குது?"

எல்லாம் ஒரே ஒரு கோட்டைத் தொடும் இடத்தில் படுத்தன. மலையருகே அல்ல. அந்த ஒரு கோடு சந்தைக்கு வந்தால் சந்தையில் படுத்தன. கோட்டைக்குப் போனால் கோட்டையில் படுத்தன. அது வராத நாட்களில் எல்லாமே படுக்காமல் சாய்வாகவே ஓடின. அவைதான் கிரகண நாட்கள்.

"ஒரு வண்டி லேட்டுன்னா மழை மேல பழியப் போடலாம். பத்து வண்டி லேட்டுன்னா, பத்துக்கும் முன்னாடி ஏதோ ஒரு வண்டி நிக்கிதுன்னு அர்த்தம். தீவு நல்லாத்தான் இருக்கு சார். ஒரு ஆளுக்காக நேரம் நிக்கிது."

யார் என்று கேட்டேன். படகுக்காரன் சேந்தன் என்றார். நான் சிரித்துவிட்டேன். அந்தத் தீவிலேயே வேகமான வாய் அதுதானே என்றேன். அவர் தாளைச் சுருட்டி, ஒரு இடத்துக்கு வர முடியுமா, கட்டுரையை அதற்குப் பிறகு அனுப்புங்கள் என்று கேட்டார். போகிற வழியில் ஆட்டோவில் விளக்கினார். இதைக் கண்டுபிடித்ததும் அவர் செய்தது ஒன்றுதான்: படகில் ஏறி, காரணம் நீங்கள்தானா என்று கேட்டிருக்கிறார். ஆமாம் மேடம், வீட்டுக்கு வாங்க என்று அவன் விலாசம் கொடுத்திருக்கிறான்.

காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இரண்டு அறை. ஜன்னலோரக் கட்டிலில் ஒருவர் படுத்திருந்தார். பெயர் சிக்கந்தர்; தீவில்தான் சேந்தன். வயது நாற்பது இருக்கும். வெங்காய மண்டியில் ஏலம் கூறியவர். ஆறு வருடத்துக்கு முன் விரலில் தொடங்கி, கை, கால், தொண்டை என்று ஒவ்வொரு தசையாக ஓய்ந்துகொண்டே வந்த நோய். இப்போது அசைவது கண் மட்டும். கண்ணால் ஒரு திரையில் எழுத்து எழுத்தாகப் பார்க்க வேண்டும். பார்த்த எழுத்துகள் சேர்ந்து வார்த்தையாகும். கட்டிலுக்குப் பக்கத்தில் தையல் மெஷின். அதில் உட்கார்ந்திருந்தவர் அவர் மனைவி பதுருன்னிசா.

அமலோற்பவம் துருவித் தெரிந்துகொண்டது இது: முத்தீவை முதன்முதலில் கட்டிய பொறியாளர் யாரோ, பேச்சு நடக்கும் இடத்தில் எல்லோரும் பேசி முடிக்கும்வரை அந்த இடத்தின் கடிகாரம் நகரக் கூடாது என்று ஒரு விதி எழுதிவைத்திருக்கிறார். இணைப்பு மோசமான ஊர்க்காரர்கள் பின்தங்கக் கூடாதே என்ற நல்லெண்ணம். எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்ற வரம்பைப் போட மறந்துவிட்டார். அவரும் வேலையை விட்டுப் போய்விட்டார். சிக்கந்தர் ஒரு வாக்கியத்தைக் கண்ணால் கூட்டி முடிக்கும்வரை, படகில் இருக்கும் அத்தனை பேரையும் தொப்பி உறங்கவைக்கிறது. முடித்ததும் எழுப்புகிறது. நமக்கு அது கண் சிமிட்டும் நேரம். அவருக்கு அது நாலு நிமிஷம்.

"வீட்லயுமா" என்று படகில் கேட்ட அந்த ஒரு வார்த்தைக்கு ஒன்றரை நிமிஷம் ஆகியிருக்கும் என்று, ஆட்டோவில் நான் சொன்னதை வைத்துக் கணக்கிட்டார் அமலோற்பவம்.

நான் ஒரு வாக்கியத்தை நாலு தடவை அடித்துத் திருத்துகிறவன். அதைப் பெரிய உழைப்பு என்று பேட்டிகளில் சொல்லியிருக்கிறேன்.

பதுருன்னிசா டீ கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமியார் வந்து சிக்கந்தரைப் பார்த்துக்கொள்வாராம். அன்றைக்கு அவரும் ஒரு தொப்பி மாட்டிக்கொண்டு தீவுக்குப் போவாராம். அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"சண்ட போடுவோம்ணே."

"சண்டையா?"

"இங்க நான் பத்து வார்த்த திட்டுனா, அவரு ஒரு வார்த்த திருப்பித் திட்டறதுக்குள்ள எனக்குக் கோவமே போயிருது. அது ஒரு சண்டையா? அங்கன்னா வாய்க்கு வாய். அரை மணி நேரம் நல்லா போட்டுக்குவோம். வெளிய மூணு மணி நேரம் ஆயிரும், ஆயிட்டுப் போவுது."

அப்போது திரையில் எழுத்துகள் வரத் தொடங்கின. மெஷின் சத்தம் நின்றது. நான் காத்திருந்தேன். யாரையும் முழு வாக்கியம் பேச விட்டுப் பழக்கமில்லாதவன் நான். இடையில் புகுந்து வெட்டுவதுதான் என் சாமர்த்தியம். எட்டாவது எழுத்தில், தண்ணீர் கேட்கிறாரோ என்றுகூடச் சொல்லப் பார்த்தேன். அமலோற்பவம் என் கையைத் தொட்டு அடக்கினார். கடைசியில் திரையில் நின்றது இது: "அண்ணே, அன்னைக்கு வீட்ல சோறு போட்டாங்களா?"

பதுருன்னிசா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் நான்காம் முறையாகத் தோற்றேன். இந்தத் தடவை வருத்தமில்லை.

கீழே இறங்கியதும் விஷயத்தைச் சொன்னார் அமலோற்பவம். புகார்கள் பெருகியதால் நிறுவனம் ஒரு மாதக் கெடு வைத்திருக்கிறது. மந்தாரத் தீவின் தாமதம் கோளாறு என்று தெரிந்தால் சரிசெய்வார்கள். ஐந்து நொடி வரம்பு வைப்பார்கள்; ஐந்து நொடிக்குள் பேசாதவரை விட்டுவிட்டு உலகம் போய்க்கொண்டே இருக்கும். அதன் பிறகு சேந்தன், படகில் உட்கார்ந்திருக்கும் ஒரு பொம்மை. ஆனால் முத்தீவின் எழுத்தாளர்கள் ஒன்பது பேர் கொண்ட அவை ஒன்று இருக்கிறது. அவர்கள் ஏற்றுக்கொண்டதெல்லாம் மூல ஏடு என்ற ஒன்றில் பதிவாகும். அதில் ஏறிய எதையும் பொறியாளர்கள் தொடக்கூடாது என்பது ஒப்பந்தம். தாமதம் கோளாறல்ல, கதைதான் என்று அவை சொல்லிவிட்டால் தப்பித்தது.

"அப்ப நம்மகிட்ட ஒரு கதை வேணும்" என்றேன்.

"பெரியவர்கிட்ட இருக்கே சார். பத்தொன்பது பூஜ்யத்தோட."

அவருடைய சார்ட் என்ன ஆகும் என்று கேட்டேன். பதினான்கு மாத வேலை. இத்தனை வருடத்தில், இத்தனை நாடுகளில், முத்தீவின் காலத்தைச் சரியாகக் கண்டுபிடித்த ஒரே ஆள். அவர் ஆட்டோவைக் கைகாட்டி நிறுத்தினார். நான் அன்று மாலை பாதிக் கட்டுரையைக் கிழித்தேன்.

மன்றத்தின் ஆண்டு மாநாடு ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. அவையின் சார்பில் ஓர் எழுத்தாளரும், நிறுவனத்தின் சார்பில் முதுகுப் பையோடு ஒரு பொறியாளரும் வந்திருந்தார்கள். குஞ்சிதபாதம் மூன்று பொன்னாடைகளை வாங்கிக்கொண்டு, அவற்றை இறக்காமலே இரண்டு மணி நேரம் பேசினார். மலையின் எடையைப் பூஜ்யம் பூஜ்யமாகச் சொன்னார். வேறு நாளாக இருந்தால் எனக்கு ஆறு பக்கக் கட்டுரை கிடைத்திருக்கும். அன்று ஒவ்வொரு பூஜ்யத்துக்கும் நான் மனதாரக் கைதட்டினேன்.

எழுத்தாளர் தலையாட்டிக்கொண்டிருந்தார். பொறியாளர்தான் ஆட்டவில்லை. அழைப்பிதழைப் புரட்டினார். அதில், தன் வெற்றி பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காக, ஆட்சேபிப்பவர் திருமதி அமலோற்பவம் என்று குஞ்சிதபாதமே அச்சடித்திருந்தார்.

"மேடம், நீங்க ரயில்வேயாமே. சார்ட்டெல்லாம் போட்டிருக்கீங்களாமே. மலை இல்லாம வேற காரணம் எதாச்சும் தெரியுதா அதுல?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. பணிக்காலத்தில் ஒரு நிமிடத்தைக்கூட மாற்றி எழுதாதவர் எழுந்து நின்றார். தாளை மேஜையில் விரித்தார். நான் எட்டிப் பார்த்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கோடுகளும் இருந்தன. படகுக்காரன் கோடு இருந்த இடத்தில் ரப்பர் தேய்த்த தடம் மட்டும், தாள் கொஞ்சம் மெலிந்து, லேசாகப் பளபளத்தது. கிரகண நாட்கள் தனியாகத் தெரியாதபடி கலைந்து, படுத்த கோடுகள் எல்லாம் மலையடிவாரத்துக்கு நகர்ந்திருந்தன.

"மலைகிட்டப் போகப் போக நேரம் நிக்கிது. அய்யா சொல்றது சரி" என்றார். தாளின் ஓரத்தை நீவிவிட்டு, "நான்தான் தப்பா போட்டுட்டேன்" என்றார்.

கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு மூன்று நொடிதான் ஆனது. என் கணக்கில் அது சிக்கந்தரின் நாலு நிமிஷத்துக்குக் குறைந்ததல்ல.

எருமைக்கல் மலைக் கொள்கை ஏற்கப்பட்டதாக எழுத்தாளர் அறிவித்தார். சாப்பாட்டுப் பந்தியில் குஞ்சிதபாதத்தின் அருகே போய், குரலைத் தாழ்த்தி, ஒரு மனிதருக்காக இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு அழகாகச் சொன்னீர்களே என்று கையைப் பிடித்தேன். அவர் கையை உருவிக்கொண்டார்.

"பொய்யா? அந்தம்மா புதன்கிழமை வந்து எவனோ படகுக்காரன் கதையச் சொன்னாங்க. ஏன்யா, நீரு படிச்சவரு. ஒத்த மனுஷனுக்காக ஒரு உலகமே நிக்கும்னு சொன்னா அறிவு ஏத்துக்குமா? மலைக்கு நிக்கும். அது விஞ்ஞானம்."

சொல்லிவிட்டு அப்பளத்தை நொறுக்கினார். நான் வாசலில் அமலோற்பவத்தைப் பிடித்து, பெரியவர் எதையுமே நம்பவில்லையே என்றேன்.

"தெரியும் சார். அவரு நம்பலன்னதும் கர்த்தருக்கு நன்றி சொன்னேன். நம்பியிருந்தா மேடையில அழுதிருப்பாரு. இளகுன மனசு அவருக்கு."

அதன் பிறகு படகுத்துறையில் ஒரு பலகை வைத்தார்கள்: இத்தீவில் காலம் மெதுவானது, அவசரக்காரர்கள் வர வேண்டாம். புகார்கள் நின்றன. மூல ஏட்டில் ஏறியதை இனி யாரும் அழிக்க முடியாது என்பதால் நான் இதை எழுத முடிகிறது. பெயரைப் போட்டே எழுதச் சொன்னார் சிக்கந்தர். மண்டியில் நாலு பேருக்குத் தெரியட்டுமாம்.

ஏட்டில் கொள்கையை மட்டும் ஏற்றவில்லை. கதையென்றால் எதிரி வேண்டும் என்று எழுத்தாளர் அவை நினைத்திருக்கிறது. மலையின் பெருமையைச் சந்தேகித்த ஒரு பெண் கடற்கரையிலேயே கல்லாகிப் போனாள் என்று ஒரு பாட்டு சேர்த்திருக்கிறார்கள். பாட்டில் அவள் பெயர் அமலை. பாட்டு வந்த மறுநாள் துறையில் இடுப்பளவில் ஒரு கறுத்த பாறை முளைத்திருந்தது. முத்தீவைப் படிக்கும் அத்தனை நாட்டுக்காரர்களுக்கும் அவரைத் தெரியும், தோற்றுப்போனவராக. இதை அவரிடம் சொன்னபோது, எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறேன் என்று மட்டும் கேட்டார். கடலைப் பார்த்து என்றேன். பரவாயில்லை, வருகிற போகிற வண்டி தெரியும் என்றார்.

போன வாரம் ஒரு நாளை முழுசாக ஒதுக்கி, வீட்டில் சொல்லிவிட்டு, தீவுக்குப் போனேன். படகு துறையை நெருங்கியதும் சேந்தன் கயிற்றை எடுத்தான். வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு மரக்கட்டைகள் அதற்கென்றே நட்டிருக்கிறார்கள். அவற்றையெல்லாம் தாண்டிப் படகைக் கொண்டுபோய் அந்தப் பாறையில் கட்டினான். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான். பக்கத்தில் வடநாட்டு இளைஞர்கள் சிலர் தாவி இறங்கப் போனார்கள். ஒருவன் பாறைமேல் காலை வைத்தான்.

"காலை எடுங்க தம்பி" என்றான் சேந்தன். "மேடம் டூட்டில இருக்காங்க."